துபாஷி

அலர்டைஸ் துரையின் தகரப் பெட்டியில்
ஊர்ப் பெயர்கள் வெள்ளைப் பெயின்டில் இருந்தன,
ஒன்றை அடித்து அதன் கீழ் ஒன்றாக.
தைப்பிங். அக்ரா. நிக்கோசியா.
மனாமாவை எழுதியவன் நான்.
ஜூன் மாதம். கடற்காற்றின் ஈரத்தில்
மூன்று நாளாகியும் பெயின்ட் காயவில்லை.
தொட்டுப் பார்த்துவிட்டு
விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஏஜென்சி கட்டடத்தின் பின்னறைதான் கோர்ட்.
மண் ஷேக்குடையது,
எங்கள் வழக்கு மட்டும் மகாராணியுடையது.
பாஸ்போர்ட்டில் அசோகச் சிங்கம் இருந்தும்
குற்றம் செய்தால் நாங்கள் அவளுடைய ஆட்கள்.
விக்கை அவர் அணிந்து பார்த்ததில்லை.
அது டப்பாவுக்குள் பூச்சிகளுக்கு வீடாயிருந்தது.

என் வேலை வாய்.
'அந்த நாய்' என்று எவனாவது சொன்னால்
'மேற்படி மேஸ்திரி' என்பேன்.
'அவன் நாசமாப் போக' என்றால்
'மிகவும் மனவருத்தம் அடைந்தேன்' என்பேன்.
ஒருவன் கூண்டில் நின்று அழுதான்,
வார்த்தையே வரவில்லை.
அதையும் இரண்டு வாக்கியமாக
நல்ல இங்கிலீஷில் சொன்னேன்.
அபராதம் பாதியானது.
வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.
'நான் என்னண்ணே சொன்னேன்?' என்று கேட்டான்.

மாசானமுத்து அப்படியில்லை.
சித்ரா துறையில் இழுவைப் படகுக்குக் கிரீஸ் போடுகிறவன்.
எனக்கு நாற்பது ரூபாய் தரவேண்டும்.
வளைகுடா ரூபாய், சிவப்பு நோட்டு நாலு,
திருநெல்வேலியில் கொடுத்தால் கடைக்காரன் சிரிப்பான்.
கேட்கும்போதெல்லாம்
'கப்பல் ஏறும்போது தாரேன்' என்பான்.
சங்கிலியால் மேஸ்திரியின் தோளை உடைத்துவிட்டு
என் முன்னால் வந்து நின்றான்.
'அடிச்சேன் சாமி.
இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்.'

சத்தியப் பிரமாணம் செய்தபடியே செய்தேன்.
கூட்டவில்லை. குறைக்கவில்லை.
துரையின் பேனா நின்றது.
அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
காதில் விழவில்லையோ என்று
இன்னொரு தடவை சொன்னேன்.

எட்டு மாதம். பிறகு பம்பாய்க் கப்பல்.
நாற்பது ரூபாய் வரவில்லை,
அது வேறு கதை.

துரை ஓய்வு பெற்றுப் போகிற காலையில்
மனாமாவை அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.
கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன்.
ஸ்காட்லாந்தில் ஏதோ ஓர் ஊர்,
எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
பாதியில் அவருக்கே தடுமாறியது.
முப்பத்தைந்து வருஷமாயிற்றே என்றார்.
பெட்டியைப் பார்த்தபடியே,
ரப்பர்த் தோட்டத்து லயத்துத் தமிழில்,
ர-வும் ற-வும் கலந்த குரலில்:

'சவரிராயன், நீங்க நல்லாப் பொய் சொன்னீங்க.
மூணு வருசம்.
ஒருக்காதான் சொல்லலை.'

தூரிகை கையில் சொட்டிக்கொண்டிருந்தது.
தைப்பிங்கை அப்போதுதான் படித்தேன்.
ஏழு வருஷம் அங்கே மாஜிஸ்திரேட்,
பரீட்சை எழுதி மாதம் இருபது டாலர்
தமிழ்ப் படி வாங்கியிருக்கிறார்.
அத்தனை நாயும் நாசமும்
இரண்டு காதிலும் விழுந்திருக்கிறது.

'அன்றைக்கு ஏன் சார்…' என்று ஆரம்பித்தேன்.
'ரெக்கார்டில் இருக்கிறது நீங்கள் சொன்னதுதானே'
என்றார், இப்போது இங்கிலீஷில்.
கார் வந்தது.
பெட்டியின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன்,
மறுபக்கத்தை அவரே தூக்கினார்.
அவர் சட்டையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது.
யாரும் சொல்லவில்லை.

புது நீதிபதி இளவயசு, ஏடனிலிருந்து வந்தவர்.
தமிழ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்.
உறுதிப்படுத்திக்கொள்ள
முதல் நாளே தேநீரோடு ஒரு வசவைச் சொல்லிப் பார்த்தேன்.
நன்றி என்றார்.

திங்கட்கிழமை முதல் வழக்கு.
அவாலி கேன்டீன் பையன், தாடியும் முளைக்கவில்லை.
கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கடகடவென்று ஏதேதோ கொட்டினான்,
பாதி உண்மை, பாதி கெட்ட வார்த்தை.
முடித்துவிட்டு என் வாயைப் பார்த்தான்.

புதியவர் பேனாவைத் திறந்தார்.
'என்ன சொல்கிறான்?'